ஒரு காது மட்டும்: விசைத்தறித் தொழிலாளி ஒருவருக்கு வந்த செவி நரம்புக் கட்டி

பின்னணி

ஈரோடு, நாமக்கல் மாவட்டங்களுக்கு நடுவே காவிரி ஓடும் பகுதியில் விசைத்தறி ஊர்கள் நெருக்கமாக இருக்கின்றன. அவற்றில் ஒன்றில், ஒரு இ.என்.டி. டாக்டரின் கிளினிக்கில் ஆடியாலஜிஸ்டாக வேலை பார்க்கிறேன். காது கேட்கும் அளவைச் சோதிப்பது, காது மெஷின் பொருத்துவது, நிலைதடுமாறுபவர்களுக்குப் பயிற்சி தருவது ஆகியவை என் வேலை. இங்கே எழுதுவது எங்களிடம் வந்த ஒரு பெண்ணுக்கு நடந்ததை. அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

அவருக்கு அப்போது 43 வயது. 19 வயதில் தறிக்குப் போக ஆரம்பித்தவர். கணவரும் அதே கூடத்தில் தறி ஓட்டுகிறார். ஒரே மகள் வெளியூரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். சர்க்கரை, ரத்த அழுத்தம் எதுவும் இல்லை. காதில் சீழ் வந்ததில்லை, தலையில் அடிபட்டதில்லை. குடும்பத்தில் இளவயதில் காது போனவர்கள் யாரும் இல்லை.

இவருடைய தொழிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் தவறு அங்கிருந்துதான் ஆரம்பித்தது. நாடா (ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகும் ஷட்டில்) ஓடும் பழைய தறிகள் பத்துப் பதினைந்து ஒரே கூரைக்குக் கீழே ஓடினால் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டிவிடும். 8 மணி நேர வேலைக்குத் தொழிற்சாலை விதிகள் வைத்திருக்கும் வரம்பே அந்த 90தான். இங்கே ஷிப்ட் 12 மணி நேரம். தறிக்கூடத்துக்குள் யாரும் வாயால் பேசுவதில்லை, கையாலும் உதட்டாலும்தான் பேச்சு. இருபது வருடம் தறி ஓட்டியவருக்குக் காது மந்தமானால் அதை ஊரில் யாரும் நோயாக நினைப்பதில்லை. "தறிக்காரங்க காது அப்படித்தாங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அந்த நினைப்பு ஊரிலிருந்து எங்கள் கிளினிக்குக்குள்ளும் வந்திருந்தது.

முதல் சந்திப்பு

தறித் தொழிலாளர்களுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட வகுப்பறையில் காது பரிசோதனை முகாம் நடத்தினோம். ஒரே ஒரு ஆடியோமீட்டர், ஏறக்குறைய 40 பேர். அதில் ஒருவராக இவரும் வந்தார். தனக்குக் குறை இருப்பதாக அவர் சொல்லவில்லை. எல்லோரும் வருகிறார்கள் என்று வந்தார்.

அன்று எடுத்த அளவுகள் இவை. வலது காதில் 500, 1,000, 2,000, 4,000, 8,000 ஹெர்ட்ஸ்களில் முறையே 25, 25, 30, 50, 35 டெசிபல். இடது காதில் 30, 30, 45, 65, 70. ஒலி எத்தனை டெசிபல் இருந்தால் காதில் விழுகிறது என்பதுதான் இந்த எண். எண் கூடினால் காது குறைந்திருக்கிறது என்று பொருள், வரைபடத்தில் கோடு கீழே இறங்கும்.

வலது காது இரைச்சலால் கெட்ட காதுக்குப் பாடமாகக் காட்டக்கூடியது. 4,000-இல் ஒரு பள்ளம், 8,000-இல் மறுபடி மேலே ஏறுகிறது. இடது காதில் அந்த ஏற்றம் இல்லை. 4,000-இல் விழுந்தது 8,000-இல் இன்னும் கீழே போயிருக்கிறது. இரண்டு காதுக்கும் நடுவே 2,000-இல் 15, 4,000-இல் 15, 8,000-இல் 35 டெசிபல் வித்தியாசம். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, அடுத்தடுத்த இரண்டு அதிர்வெண்களில் 15 டெசிபலோ அதற்கு மேலோ வித்தியாசம் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். அந்தக் கணக்குப்படி இவர் அன்றே அந்த வரம்புக்குள் வந்துவிட்டார்.

நான் எழுதியது: "இரு காதிலும் இரைச்சலால் ஏற்பட்ட குறைபாடு. காது அடைப்பான் அணியவும். ஒரு வருடம் கழித்து வரவும்."

எங்கள் முகாம் படிவத்தில் வலது காதுக்கு ஒரு கட்டம், இடது காதுக்கு ஒரு கட்டம், தனித்தனியாக இருந்தன. ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தேன். இதிலும் குறை, அதிலும் குறை, காரணம் தறி. ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்க்கவில்லை. பேச்சு புரியும் அளவைச் சோதிக்கவும் அன்று நேரம் இல்லை. திரும்ப வரச் சொன்னேனே தவிர, போன் நம்பரைக் கூட வாங்கவில்லை.

நடுவில் போன 26 மாதங்கள்

இந்தக் காலத்தில் நடந்ததை அவர் பின்னால் சொல்லித்தான் அறிந்துகொண்டோம். அதை அவர் சொன்ன வரிசையிலேயே தருகிறேன். இந்த நோயில் வரிசையே ஒரு தடயம். அமெரிக்க நரம்பியல் அறுவை நிபுணர் ஹார்வி குஷிங் 1917-இலேயே இந்த வகைக் கட்டியில் அறிகுறிகள் எந்த ஒழுங்கில் வருகின்றன என்று பதிவு செய்தார். முதலில் வருவது காது. மற்றவை பின்னால்.

இவருக்கும் அப்படித்தான். முதலில் மாறியது போன் பிடிக்கும் பக்கம். வலது கைக்கு எப்போதும் வேலை இருப்பதால் போனை இடது காதில் வைத்துப் பேசிப் பழகியவர். மகள் பேசினால் பாதி புரியவில்லை. டவர் சரியில்லை என்று நினைத்தார். புதுப் போன் வாங்கினார்கள். அதிலும் அப்படியே. பிறகு எப்போதென்றே தெரியாமல் போன் வலது காதுக்கு மாறிவிட்டது.

அப்புறம் இரைச்சல். கரண்ட் போய்த் தறிகள் நின்றால் மற்றவர்களுக்கு அமைதி. இவருக்கு இடது காதில் மட்டும் சில்வண்டு கத்துவது போல ஒரு சத்தம். "தறி நின்னாலும் காதுக்குள்ள தறி ஓடுதுங்க" என்று பக்கத்துத் தறிக்காரரிடம் சொன்னபோது, "எனக்கும்தான்" என்று பதில் வந்திருக்கிறது. இவரும் விட்டுவிட்டார்.

ஒரு வருடம் கழித்து நடையில் மாற்றம். நேராகப் போக நினைத்தால் ஒரு பக்கம் இழுக்கும். ராத்திரி ஷிப்ட் முடித்து விடியும் முன் வீடு திரும்பும்போது சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்தார். இதற்காக இரண்டு இடங்களில் காட்டினார். ஓரிடத்தில் ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை. இன்னோர் இடத்தில் கழுத்தை எக்ஸ்ரே எடுத்து, எலும்புத் தேய்மானம் என்று கழுத்துப் பட்டையும் தலைசுற்றல் மாத்திரையும் கொடுத்தார்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்களின் கழுத்து எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிவது சாதாரணம். அது தெரிந்த உடனே தேடலை நிறுத்திவிடுகிறோம் என்பதுதான் வருத்தம். இங்கே அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. தறி இரைச்சல் என்று எழுதி நானும் அதைத்தான் செய்திருந்தேன்.

இரண்டாம் சந்திப்பு

இந்த முறை அவராகவே கிளினிக்குக்கு வந்தார், மகளோடு. வந்த காரணம் காதுதான்.

"சத்தம் கேக்குதுங்க மேடம். பேச்சுத்தான் வெளங்க மாட்டேங்குது."

இந்த ஒரு வாக்கியம் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. உட்காதின் செல்கள் கெட்டுப்போனால் சத்தமும் குறையும், பேச்சும் அதே அளவுக்குக் குறையும். சத்தம் ஓரளவு வந்து, பேச்சு மட்டும் அதைவிடப் பல மடங்கு சிதைந்து போனால், காதிலிருந்து மூளைக்குப் போகும் வழியில் எங்கோ தடங்கல் என்று சந்தேகிக்க வேண்டும்.

தலைசுற்றல் உண்டா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றார். உண்மையும் அதுதான். அறை சுழல்வது, வாந்தி வருவது எதுவும் அவருக்கு இல்லை. அத்தோடு நிறுத்தியிருந்தால் குறிப்பில் "தலைசுற்றல் இல்லை" என்று மட்டும் பதிவாகியிருக்கும். டாக்டர் வேறு விதமாகக் கேட்டார். இருட்டில் நடக்க முடிகிறதா? மாடிப்படி இறங்கும்போது கைப்பிடி வேண்டுமா? மகள்தான் முந்திக்கொண்டு சொன்னாள்: "தலைக்குக் குளிக்கும்போது கண்ணை மூடினா அம்மா இடது பக்கம் சாயுறாங்க டாக்டர். இப்பல்லாம் ஸ்டூல் போட்டு உக்காந்துதான் குளிக்கிறாங்க."

சீயக்காய் கண்ணில் படாமல் இருக்கக் கண்ணை மூடுகிறோம். அந்த நிமிடத்தில் உடலை நிமிர்த்திப் பிடிக்கக் கண் உதவிக்கு இல்லை, உள்காதும் பாதமும்தான். உள்காதிலிருந்து வரும் செய்தி ஒரு பக்கம் குறைந்திருந்தால் உடல் அந்தப் பக்கம் சாயும். நாங்கள் அறையில் செய்யும் ராம்பெர்க் சோதனையும் இதுவேதான்: காலைச் சேர்த்து நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொல்வது. இவர் பல மாதங்களாகக் குளியலறையில் அதைச் செய்துகொண்டிருந்தார்.

கடைசியாக, நாங்கள் கேட்காமலே ஒன்றைச் சொன்னார். மஞ்சள் பூசும்போது இடது கன்னம் மரத்தது போல இருக்கிறதாம், விரல் படுவது வலது கன்னத்தில் தெரிகிற மாதிரித் தெரியவில்லையாம். டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

பரிசோதனையில் தெரிந்தவை

செவிப்பறை இரண்டு பக்கமும் சுத்தமாக இருந்தது. 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை நெற்றியில் வைத்தபோது சத்தம் வலது பக்கம் கேட்பதாகச் சொன்னார். இடது காதில் நரம்புவழிக் குறைபாடு இருந்தால் இப்படித்தான் நல்ல காதுக்குப் போகும். பஞ்சுத் திரியால் கருவிழியின் ஓரத்தைத் தொட்டபோது வலது கண் உடனே சிமிட்டியது, இடது கண் தயங்கியது. கன்னத்துக்கும் கருவிழிக்கும் உணர்ச்சி தரும், மூளையிலிருந்து வரும் ஐந்தாம் நரம்பும் அழுத்தப்படுகிறது என்பதற்கு அது அடையாளம். முகம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அசைந்தது. கண்ணை மூடி நின்ற இடத்தில் 50 அடி மிதிக்கச் சொன்னோம். முடிக்கும்போது இடது பக்கம் நன்றாகத் திரும்பி நின்றிருந்தார். குதிகாலோடு விரலை ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்க முடியவில்லை.

ஆடியோகிராமில், அதாவது கேட்கும் அளவைக் காட்டும் வரைபடத்தில், அதே ஐந்து அதிர்வெண்களில் வலது காது 20, 25, 30, 55, 40. ஏறக்குறைய பழைய அளவுதான். இடது காது 40, 50, 60, 75, 80. இரண்டு வருடத்தில் ஒரே இரைச்சலில் வேலை செய்த இரண்டு காதுகளில் ஒன்று மட்டும் இப்படி இறங்கியிருக்கிறது. தறி இரண்டு காதுக்கும் ஒன்றாகத்தான் கத்துகிறது.

பேச்சுச் சோதனையில்தான் சந்தேகம் உறுதிப்பட்டது. வசதியான சத்தத்தில் தமிழ்ச் சொற்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துத் திருப்பிச் சொல்லச் சொல்வோம். வலது காதில் 92 சதவீதம் சரி. இடது காதில் 28. இடது காதின் சராசரிக் குறைபாடு 50 டெசிபல்தான். உட்காதில் மட்டும் கோளாறு என்றால் அந்த அளவுக்கு இதைவிட எவ்வளவோ நன்றாகப் புரிய வேண்டும். சத்தத்தைக் கூட்டிப் பார்த்தோம், 28 இன்னும் குறைந்தது. கூட்டக் கூட்டக் குழம்புவது நரம்பில் கோளாறு என்பதற்கு வலுவான குறி. நடுக்காது அழுத்தம் இரண்டு பக்கமும் இயல்பு. பலத்த ஒலிக்கு நடுக்காதுத் தசை இறுக வேண்டிய அனிச்சை, இடது காதில் ஒலி கொடுத்தபோது வரவில்லை.

எம்.ஆர்.ஐ. எடுக்கும் முடிவு

இங்கே எங்களுக்குள் ஒரு கருத்து வேறுபாடு வந்தது. பெரா சோதனை எங்கள் கிளினிக்கிலேயே உண்டு. காதில் டிக் டிக் ஒலி கொடுத்து, அது நரம்பு வழியாக மூளைத்தண்டு வரை போகும் நேரத்தை அளக்கும் சோதனை. செலவு குறைவு. ஆனால் கட்டி 1 சென்டிமீட்டருக்கும் சிறியதாக இருந்தால் பெரா அதைத் தவறவிடக்கூடும். பெரா இயல்பு என்று வந்தால் குடும்பம் எம்.ஆர்.ஐ.க்குப் போகாது என்பது என் பயம். கையில் ஒரு ஆதாரம் இல்லாமல் இவர்களை நகரத்துக்கு அனுப்பினால் போகமாட்டார்கள் என்பது டாக்டரின் கணிப்பு.

டாக்டர் சொன்னபடியே பெரா எடுத்தோம். வலது காதில் அலைகள் ஒழுங்காக வந்தன. இடது காதில் முதல் அலை வந்தது, அதற்குப் பின் திரும்பத் திரும்ப எடுத்தும் தெளிவாக எதுவும் வரவில்லை. அந்தக் காகிதத்தில் ஒரு பக்கம் மலைத்தொடர் போலவும் மறுபக்கம் வெறும் கோடு போலவும் இருந்ததைப் பார்த்த பிறகே கணவர் ஸ்கேனுக்குச் சம்மதித்தார். இந்தக் குடும்பத்தின் விஷயத்தில் டாக்டர் கணித்தது சரி. ஆனாலும் இவ்வளவு அறிகுறிகள் சேர்ந்து நிற்கும்போது நேராக எம்.ஆர்.ஐ.தான் என்ற என் கருத்து மாறவில்லை.

தலைவலி, வாந்தி, இரட்டைப் பார்வை உண்டா என்று மறுபடி கேட்டோம். இல்லை. கண் டாக்டரிடம் அனுப்பி கண்ணுக்குள் பார்வை நரம்பின் முனையில் வீக்கம் இருக்கிறதா என்றும் பார்த்தோம், இல்லை. இருந்திருந்தால் மூளைக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது, நீர் தேங்கியிருக்கலாம் என்று பொருள். அன்றே ஆம்புலன்ஸ் ஏற்றியிருப்போம். அப்படி இல்லாததால் அரசு மருத்துவமனையில் ஸ்கேனுக்குத் தேதி வாங்கிக் கொடுக்க அவகாசம் கிடைத்தது. 9 நாளில் எடுத்தார்கள். மருந்து செலுத்தி, உள்செவிக் கால்வாயைக் குறிப்பாகப் பார்க்கும்படி சீட்டில் எழுதியிருந்தோம். வெறும் தலை ஸ்கேன் என்று எழுதினால் சி.டி. எடுத்து அனுப்பிவிடும் ஆபத்து உண்டு. அதில் சிறிய கட்டிகள் தெரியாமல் போகலாம்.

ஸ்கேன் சொன்னது

இடது பக்கம், சிறுமூளைக்கும் மூளைத்தண்டுக்கும் இடையிலான மூலையில் 2.8 சென்டிமீட்டர் கட்டி. அதன் ஒரு நுனி உள்செவிக் கால்வாய்க்குள் நுழைந்து அந்த எலும்புக் குழாயை அகலமாக்கியிருந்தது. படத்தில் கோன் ஐஸ்கிரீம் போலத் தெரியும். கோன் கால்வாய்க்குள், உருண்டை வெளியே. உருண்டை மூளைத்தண்டைத் தொட்டு லேசாக அழுத்திக்கொண்டிருந்தது. வலது பக்கம் எதுவும் இல்லை. இரண்டு பக்கமும் இருந்திருந்தால் மரபணு வழி வரும் என்.எஃப்.2 நோயா என்று மகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

இதன் பெயர் வெஸ்டிபுலர் ஷ்வானோமா. அக்கூஸ்டிக் நியூரோமா என்ற பழைய பெயர்தான் இன்னும் அதிகம் புழங்குகிறது. பழைய பெயர் கேட்கும் நரம்பைச் சொன்னாலும், கட்டி பெரும்பாலும் அதை ஒட்டி ஓடும் சமநிலை நரம்பின் உறையில்தான் முளைக்கிறது. கரண்ட் வயருக்கு மேலே பிளாஸ்டிக் உறை இருப்பது போல நரம்பிழைகளுக்கு ஷ்வான் செல்கள் உறை போடுகின்றன. அந்த உறைச் செல்கள் பெருகினால் இந்தக் கட்டி. புற்றுநோய் கிடையாது, உடலில் வேறெங்கும் பரவாது. வளர்பவையும் சராசரியாக வருடத்துக்கு ஓரிரு மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். பல கட்டிகள் வருடக்கணக்கில் வளராமலே கிடக்கும்.

சமநிலை நரம்பிலேயே கட்டி என்றால் ஏன் தலை சுற்றவில்லை? மகள் இதைக் கேட்டாள். நல்ல கேள்வி. கட்டி மெதுவாக வளர்வதால் அந்த நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகவே செயலிழக்கிறது. ஒவ்வொரு சிறு இழப்பையும் மூளை மறு காதையும் கண்ணையும் வைத்துச் சரிக்கட்டிக்கொண்டே வருகிறது. சுழற்சி தெரிவதற்கு வேண்டிய திடீர் வித்தியாசம் வருவதே இல்லை. தெரிவதெல்லாம் ஒரு தள்ளாட்டம், அதுவும் கண் உதவாத இருட்டில். அதனால்தான் தலைசுற்றல் என்ற சொல்லை வைத்துத் தேடினால் இந்த நோய் கைக்கு அகப்படுவதில்லை.

"கட்டி" என்ற சொல்லைக் கேட்டதும் கணவர் எழுந்து வெளியே போய்விட்டார். நாங்கள் அந்தச் சொல்லை முதலில் சொல்லிவிட்டு, "புற்றுநோய் இல்லை" என்பதை மூன்றாவது வாக்கியத்தில் சொன்னோம். இரண்டும் ஒரே மூச்சில் வந்திருக்க வேண்டும். அவரைத் திரும்ப அழைத்து உட்கார வைத்துப் பேச அரை மணி நேரம் ஆனது.

எந்தச் சிகிச்சை என்ற முடிவு

கோயம்புத்தூரில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம். நரம்பியல் அறுவை நிபுணரும் இ.என்.டி. நிபுணரும் சேர்ந்து பார்த்தார்கள். இந்தக் கட்டிக்கு மூன்று வழி உண்டு: குறித்த இடைவெளியில் ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பது, காமா நைஃப் போன்ற குவிக்கப்பட்ட கதிர்வீச்சால் வளர்ச்சியை நிறுத்துவது, மண்டையோட்டைத் திறந்து எடுப்பது. சிறிய கட்டியாக இருந்து அறிகுறியும் குறைவு என்றால் முதல் வழியே பலருக்குப் போதும். கதிர்வீச்சு பொதுவாக 3 சென்டிமீட்டருக்கு உட்பட்டவற்றுக்கு.

கத்தி வைக்காத வழி இருக்கிறது என்று கேள்விப்பட்டுக் குடும்பம் கதிர்வீச்சையே விரும்பியது. 2.8 என்ற எண்ணும் அந்த வரம்புக்குள்தான் இருக்கிறது. ஆனால் மூளைத்தண்டு ஏற்கெனவே அழுத்தப்படுகிறது, கன்னம் மரத்திருக்கிறது. கதிர்வீச்சுக்குப் பின் கட்டி சில மாதங்கள் வீங்கலாம், அந்த வீக்கத்துக்கு உள்ளே இடமில்லை. அதனால் அறுவையே நல்லது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். 26 மாதங்களுக்கு முன் அந்த ஆடியோகிராமை ஒழுங்காகப் படித்திருந்தால் கட்டி சிறியதாக இருந்திருக்கலாம், மூன்று வழிகளும் திறந்திருக்கலாம். இதைக் குடும்பத்திடம் நானே சொன்னேன். முகாம் படிவத்தையும் காட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "நானும் வருசம் கழிச்சு வரல்லீங்களே" என்றார். அந்தப் பதில் என் பங்கைக் குறைப்பதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்தது முகநரம்பு. அது சமநிலை நரம்போடு ஒரே கால்வாயில் போகிறது. கட்டி அதை நசுக்கித் தகடு போல் ஆக்கியிருக்கும். எடுக்கும்போது அடிபட்டால் முகம் ஒரு பக்கம் கோணும், கண் மூடாது. அவருக்கு இருந்த கவலை அது ஒன்றுதான். "காது போனாப் பரவால்லீங்க, வாய் கோணக் கூடாது. புள்ளைக்குக் கல்யாணம் பண்ணோணும்." உறுதி தர முடியாது என்று அறுவை நிபுணர் நேர்மையாகச் சொன்னார். அறுவை முழுக்க முகநரம்பை மின்கருவியால் கண்காணிப்போம், கட்டி நரம்போடு ஒட்டியிருந்தால் ஒரு மெல்லிய படலத்தை அங்கேயே விட்டுவிடுவோம், மீதியை ஸ்கேனில் பார்த்துக்கொள்வோம் என்றார். 28 சதவீதம் மட்டுமே பேச்சு புரியும் காதைக் காப்பாற்றுவதில் பெரிய பயன் இல்லை என்பதால் கேட்கும் திறனுக்கு முன்னுரிமை தரவில்லை. இந்த வரிசையை அவரே தேர்ந்தெடுத்தார்: உயிர், முகம், அப்புறம் காது.

முடிவெடுத்த பிறகும் 5 வாரம் தாமதமானது. தறி உரிமையாளரிடம் வாங்கிய முன்பணம் பாக்கி இருந்தது. அது தீராமல் தறியை விட்டு இறங்க முடியாத வழக்கம் இந்த ஊர்களில் உண்டு. கணவர் இவருடைய தறிகளையும் சேர்த்துப் பார்ப்பதாக ஒத்துக்கொண்டதில் விஷயம் முடிந்தது. செலவின் பெரும்பகுதி முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் போனது.

அறுவையும் அதற்குப் பின்னும்

காதுக்குப் பின்னால் திறந்து ஒரு முழுப் பகல் அறுவை செய்தார்கள். முகநரம்பின் மேல் ஒட்டிய மெல்லிய படலம் தவிர மற்றதை எடுத்தாயிற்று. திசுப் பரிசோதனையிலும் ஷ்வானோமா என்றே வந்தது.

விழித்த அன்றுதான் அவருக்கு வாழ்க்கையில் முதல் முறையாக உண்மையான தலைசுற்றல். மீதமிருந்த சமநிலை நரம்பு ஒரேயடியாக அறுபட்டதால் அறையே சுழன்றது, மூன்று நாள் வாந்தி. நான்காம் நாள் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வீடு திரும்பியதும் பயிற்சிகளை நான் ஆரம்பித்தேன்: கட்டை விரலைப் பார்த்தபடி தலையை ஆட்டுவது, மெத்தை மேல் நிற்பது, தலையைத் திருப்பிக்கொண்டே நடப்பது. வயல் வரப்பில் நடக்கச் சொன்னது அவருடைய மாமியார். அது எங்கள் பயிற்சி எல்லாவற்றையும்விட நன்றாக வேலை செய்தது. மூன்று மாதத்தில் துணையில்லாமல் தெருவில் நடந்தார்.

முகம் முதல் வாரங்களில் இடது பக்கம் தளர்ந்தது. முக அசைவுக்கான 1 முதல் 6 வரையிலான ஹவுஸ்-பிராக்மன் அளவில் 3 (1 இயல்பு, 6 அசைவே இல்லை). கண் முயன்றால் மூடியது, தூக்கத்தில் பாதி திறந்திருந்தது. பகலில் கண் சொட்டு, ராத்திரியில் களிம்பு. கன்னத்திலும் கருவிழியிலும் உணர்ச்சி குறைவாக இருப்பவருக்குத் தூசி விழுந்தாலும் தெரியாது. தறிக்கூடத்தில் பஞ்சுத்தூசி பறக்கும் என்பதால் கண் மூடும் வரை அந்தப் பக்கமே போகக் கூடாது என்று சொல்லியிருந்தோம். ஆறு மாதத்தில் 2-க்கு வந்தது. சிரித்தால் உற்றுப் பார்ப்பவருக்கு மட்டும் தெரியும்.

இடது காது முழுவதும் போய்விட்டது. சில்வண்டுச் சத்தம் போகவில்லை, குறைந்திருக்கிறது. ஒரு காதில் மட்டும் கேட்பவருக்குச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாது. பின்னால் வரும் லாரி எந்தப் பக்கம் என்று தெரியாமல் சாலை நடுவில் நின்றுவிட்டதாக மகள் சொன்னாள். சாலையைக் கடக்கும்போது கண்ணை மட்டும் நம்பச் சொல்லிக் கொடுத்தோம். இடது பக்கச் சத்தத்தை வலது காதுக்கு அனுப்பும் கிராஸ் வகை மெஷினை ஒரு வாரம் போட்டுப் பார்த்தார். விலையைக் கேட்டு வேண்டாம் என்றுவிட்டார்.

தறியில் இதன் விளைவு நாங்கள் எதிர்பாராதது. எட்டுத் தறிகளில் எதன் ஓட்டம் மாறுகிறது என்பதை அவர் இத்தனை வருடம் திரும்பிப் பார்க்காமல் காதால் கண்டுபிடித்து வந்திருக்கிறார். இரண்டு காதும் சேர்ந்து செய்த வேலை அது. இனி முடியாது. இப்போது தனிக் கொட்டகையில் தார் (நாடாவுக்குள் வைக்கும் ஊடை நூல் கட்டை) சுற்றுகிறார், இரைச்சல் குறைவு. கூலியும் குறைவு.

நாங்கள் மாற்றியவை

படிவத்தை மாற்றினோம். இப்போது இரண்டு காதும் ஒரே வரைபடத்தில், சிவப்பும் நீலமுமாக. இரண்டு கோடும் பிரிந்து போனால் கண்ணே காட்டிக்கொடுக்கிறது. அடுத்தடுத்த இரண்டு அதிர்வெண்களில் 15 டெசிபல் இடைவெளி இருந்தால், முகாமில் எவ்வளவு கூட்டமானாலும் அவருக்குத் தனித் தேதி கொடுத்துப் பேச்சுச் சோதனை செய்கிறோம். நம்பரை வாங்கி வைத்து, வராவிட்டால் நாங்களே கூப்பிடுகிறோம்.

கேள்விகளும் மாறின. தலைசுற்றல் உண்டா என்பதோடு, எந்தக் காதில் போன் வைக்கிறீர்கள், அது எப்போதாவது மாறியதா, கரண்ட் போனால் எந்தக் காதில் சத்தம், தலைக்குக் குளிக்கும்போது சாய்கிறதா என்றும் கேட்கிறோம். ஒரு காது திடீரென ஓரிரு நாளில் அடைத்துக்கொண்டால் அதை அவசரமாக எடுத்துக்கொள்கிறோம். இந்தக் கட்டி சிலருக்கு அப்படியும் வெளிப்படும். ஸ்டீராய்டு கொடுத்துக் காது திரும்பிவிட்டாலும் எம்.ஆர்.ஐ.யை விடுவதில்லை, கட்டி இருந்தாலும் காது தேறக்கூடும் என்பதால்.

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. இரண்டு காதும் சமமாக இல்லாதவர்களில் நூறில் சிலருக்கே இந்தக் கட்டி இருக்கும். இவருக்குப் பின் நாங்கள் ஸ்கேனுக்கு அனுப்பிய யாருக்கும் இதுவரை கட்டி இல்லை. சிலர் வீண் செலவு என்று என்னிடம் கோபித்துக்கொண்டார்கள். அந்தக் கோபத்தை ஏற்றுக்கொள்கிறேன்.

இப்போதைய நிலை

அறுவை முடிந்து ஒரு வருடத்தில் எடுத்த ஸ்கேனில், விட்டுவைத்த படலம் வளரவில்லை. அடுத்த ஸ்கேன் இன்னும் ஒரு வருடம் கழித்து. கன்னத்தில் உணர்ச்சி பெரும்பாலும் திரும்பிவிட்டது. இருட்டில் டார்ச் எடுத்துக்கொண்டுதான் நடக்கிறார், குளிப்பது இன்னும் ஸ்டூலில் உட்கார்ந்துதான்.

வலது காது 4,000 ஹெர்ட்ஸில் அதே 55. அந்தக் காதுக்கு அளவெடுத்துச் செய்த அடைப்பானைத் தார்க் கொட்டகையிலும் போட்டுக்கொள்கிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைச் சோதித்து, பழைய கோட்டின் மேலேயே புதுக் கோட்டைப் போட்டுப் பார்க்கிறோம்.